இரண்டாவது அழைப்பு வரும்போது: ஹோல்டா, இன்னொரு சிம்மா, திருப்பிவிடுவதா?

தீபாவளிக்கு இரண்டு கிழமை இருந்த ஒரு காலை. அம்மாவுக்குக் கண் டொக்டரைச் சனல் பண்ணுவதற்காக, அதாவது பார்க்க நம்பர் பதிவதற்காக, ஓர் ஆஸ்பத்திரிக்கு எடுத்திருந்தேன். பதிவுக் குரல் சொன்னபடி தமிழுக்கு 2, பழைய நோயாளிக்கு 1 என்று அழுத்திவிட்டு, அம்மாவின் பதிவு இலக்கத்தை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தேன். பாதியில் காதுக்குள் 'டிக் டிக்' என்று இன்னோர் அழைப்பு. ஹட்டனில் இருந்து எங்களிடம் சீலை எடுக்கும் கடைக்காரர். லொறி புறப்படும் நேரம், அவரையும் விட முடியாது. ஹோல்டில் போட்டுவிட்டு அவரோடு ஒன்றரை நிமிடம் கதைத்தேன். திரும்பி வந்தபோது ஆஸ்பத்திரி லைன் இல்லை. மறுபடி எடுத்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் அழுத்திப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய நம்பர் முடிந்திருந்தது. அம்மா இன்னும் ஒன்பது நாள் மங்கிய கண்ணோடு காத்திருந்தார்.

அந்த ஒன்பது நாளும் எனக்கு மனம் உறுத்தியது. அதன்பிறகுதான் என் போனில் என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எதற்குப் பொருந்தும் என்று உட்கார்ந்து பார்த்தேன். நான் புறக்கோட்டை கெய்சர் வீதியில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கும் ஓடரும் பார்க்கிறேன். வீடு வெள்ளவத்தையில். வவுனியா, மட்டக்களப்பு, நுவரெலியா என்று நாலா பக்கமும் இருந்து ஒரே நேரத்தில் அழைப்பு வரும். வங்கி, ஆஸ்பத்திரி, மின்சார அலுவலகம் என்று நாம் எடுக்கும் இடங்களிலோ முதலில் பேசுவது இயந்திரம். இந்த இரண்டு வகை அழைப்பையும் ஒரே மாதிரி நடத்தியதுதான் என் பிழை. மனிதரிடம் 'ஒரு நிமிடம்' என்றால் காத்திருப்பார். இயந்திரத்துக்கு அந்தச் சொல் கேட்காது. அது இலக்கத்துக்காகச் சில விநாடி பார்க்கும், இன்னொரு தடவை கேட்கும், அப்புறம் லைனை வெட்டிவிடும்.

ஏன் அப்படி என்று புரிய, இலக்கத்தைத் தட்டும்போது எழும் டோன் எப்படிப் போகிறது என்று கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. விரலை விட்டுச் சுழற்றும் பழைய போன் ஞாபகம் இருக்கும். அதில் 5 சுழற்றினால் லைன் ஐந்து தடவை வெட்டி வெட்டி ஒட்டும். அந்த வெட்டுகளை எண்ணுவது பக்கத்து எக்ஸ்சேஞ். எண்ணி முடித்து இணைப்பைக் கொடுத்ததோடு அதன் வேலை தீர்ந்தது. மறுமுனைக்கு எதுவும் போகாது. 1963 நவம்பரில் அமெரிக்காவில் பெல் நிறுவனம் பட்டன் போனை வாடிக்கையாளருக்குக் கொடுக்கத் தொடங்கியபோது இது மாறியது. ஒவ்வொரு பட்டனுக்கும் இரண்டு சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும்: 5 என்றால் 770 ஹேர்ட்ஸும் 1336 ஹேர்ட்ஸும் ஒன்றாக. நாம் பேசும்போது தற்செயலாக அந்தச் சோடி எழுந்துவிடக் கூடாது என்பதற்காகவே எண்களைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தார்கள். நட்சத்திரமும் ஹாஷும் 1968இல்தான் சேர்ந்தன. டோன் என்பது ஒலி. குரல் போகும் இடமெல்லாம் அதுவும் போகும். இணைப்புக் கிடைத்த பிறகும் மறுமுனையில் உள்ள இயந்திரத்தோடு நாம் 'பேச' முடிவது அதனால்தான்.

கைபேசியில் இன்னொரு மாற்றம் இருக்கிறது. கைபேசி வலையமைப்பு மனிதப் பேச்சுக்கு ஏற்றபடி குரலைச் சுருக்கி அனுப்புகிறது. அந்தச் சுருக்கலில் ஒரு சுத்தமான சுரம் நசுங்கிப் போகலாம். அதனால் நாம் 5ஐத் தட்டும்போது போன் ஒலியை அனுப்புவதில்லை, '5 அழுத்தப்பட்டது' என்ற செய்தியைத்தான் அனுப்புகிறது. ஜி.எஸ்.எம். எனும் 2ஜி வலையமைப்பில் அந்தச் செய்தியைப் பார்த்து உண்மையான டோனை எழுப்புவது எக்ஸ்சேஞ். 4ஜி அழைப்பிலும் அது குரலோடு கலக்காமல் தனிச் செய்தியாகவே போகிறது. நம் காதில் விழும் சத்தம் நமக்காகப் போன் எழுப்புவது மட்டும். இதிலிருந்து ஒரு முக்கியமான விடயம் வருகிறது: நீங்கள் தட்டும் இலக்கம், அந்த நேரம் யாரோடு லைனில் இருக்கிறீர்களோ அவருக்கே போகும். ஹோல்டில் இருப்பவருக்குப் போகாது. அன்று நான் ஹட்டன்காரரோடு கதைத்துக்கொண்டே மிச்ச இலக்கத்தைத் தட்டியிருந்தாலும் அவர் காதில்தான் 'பீப் பீப்' என்று கேட்டிருக்கும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலாவது, எல்லாப் போனிலும் இருக்கும் கோல் வெயிட்டிங். *43# என்று தட்டி அழைத்தால் இயங்கும், #43# அணைக்கும், *#43# இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும். சில போன்களில் இந்தக் குறிகள் எடுபடாது. அப்போது போனின் அழைப்பு அமைப்புகளுக்குள் போய்த்தான் மாற்ற வேண்டும். இரண்டாவது அழைப்பு வந்தால் முதலாமவரை ஹோல்டில் போட்டுப் பேசலாம், மாற்றி மாற்றிப் பேசலாம், இரண்டையும் சேர்க்கலாம். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் 2ஐத் தட்டி அழைப்புப் பொத்தானை அழுத்தினால் ஹோல்டும் மாற்றமும் நடக்கும். 1 என்றால் இருப்பதை வெட்டிவிட்டு மற்றதை எடுக்கும், 3 என்றால் இருவரையும் சேர்க்கும், 0 என்றால் காத்திருப்பவருக்கு 'பிஸி' என்று போகும். தொடுதிரை போனில் இதே வேலையைத் திரையில் வரும் பொத்தான்கள் செய்கின்றன.

மனிதரோடு கதைக்கும் அழைப்புக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. மேலதிகச் செலவில்லை, இன்னொருவர் உதவி வேண்டாம், அழைப்பவர் 'பிஸி' கேட்டுச் சலிப்பதில்லை. குறிப்பாக விலை பேசும்போது சேர்க்கும் பொத்தான் பெரிய உதவி. மட்டக்களப்புக் கடைக்காரர் 'இந்த விலைக்குத் தர முடியுமா' என்று கேட்டால், அவரை ஹோல்டில் வைத்து முதலாளியை எடுத்து, பிறகு மூவரையும் ஒரே லைனில் விடுகிறேன். ஜி.எஸ்.எம். விதிப்படி இப்படி உங்களைத் தவிர ஐந்து பேர் வரை சேரலாம். மூன்று பேருக்கு மேல் போனால் யார் பேசுகிறார் என்றே தெரியாமல் போகிறது என்பது என் அனுபவம்.

இதில் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒருவர் பேச்சில், ஒருவர் ஹோல்டில் இருக்கும்போது மூன்றாமவர் வந்தால், அவரை எடுக்க ஒருவரை வெட்டியே ஆக வேண்டும். இரண்டு அழைப்பையும் நீங்களே எடுத்திருந்தால் இரண்டுக்கும் காசு ஓடிக்கொண்டிருக்கும். ஹோல்டில் இருக்கும் நேரத்துக்குக் கழிவில்லை. அப்புறம், அவசரத்தில் விரல் தவறும் இடமும் இதுதான். 'ஹோல்ட் செய்து எடு' என்ற பொத்தானுக்குப் பக்கத்திலேயே 'வெட்டிவிட்டு எடு' இருக்கும். மெயின் வீதியில் வெயிலில் நின்று திரையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

இரண்டாவது வழி, இன்னொரு சிம். புறக்கோட்டையில் பாதிப் பேர் இதைத்தான் சொல்வார்கள்: 'ஒரு சிம் வீட்டுக்கு, ஒரு சிம் யாவாரத்துக்கு.' வீட்டையும் கடையையும் பிரிக்க இது நல்லதுதான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு அழைப்பைச் சமாளிக்க என்று வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நானும் ஏமாந்தேன். இரண்டு சிம் போடும் பெரும்பாலான போன்களில் ஒரே ஒரு ரேடியோதான் இருக்கிறது. சும்மா இருக்கும்போது அது இரண்டு வலையமைப்பையும் மாறி மாறிக் கவனிக்கும். ஒரு சிம்மில் பேசத் தொடங்கியதும் மற்றச் சிம் ஊமையாகிவிடும். அந்த நேரம் அதற்கு எடுப்பவருக்குத் தொடர்புகொள்ள முடியவில்லை என்ற பதிவுதான் கேட்கும். உங்களுக்கு 'டிக் டிக்'கூடக் கேட்காது. ஒரே சிம்மில் கோல் வெயிட்டிங் இருந்தால் தெரிந்திருக்கும் அழைப்பு, இரண்டு சிம் வைத்ததால் தெரியாமலே போகிறது.

இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. வலையமைப்பில் 'தொடர்பு கிடைக்காவிட்டால் திருப்பிவிடு' என்று ஒரு வசதி உண்டு. இரண்டாவது சிம்மில் இருந்து **62* என்று தட்டி, முதலாவது சிம்மின் இலக்கத்தைப் போட்டு, # வைத்து அழைத்தால் போதும். நீங்கள் முதல் சிம்மில் பேசிக்கொண்டிருக்கும்போது இரண்டாவதுக்கு வரும் அழைப்பு, முதல் சிம்மிலேயே கோல் வெயிட்டிங்காக வந்து தட்டும். மறுபக்கத்துக்கும் அப்படியே செய்யலாம். சாம்சுங் போன்களில் இரண்டு சிம்மையும் எப்போதும் இயங்க வைக்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அது உள்ளுக்குள் செய்வதும் இந்தத் திருப்பிவிடல்தான். சில புதிய போன்கள் இணையம் வழியாகவே இரண்டாவது சிம்மை உயிரோடு வைத்திருக்கும். திருப்பிவிட்ட அழைப்புக்குக் கட்டணம் போவது திருப்பிவிடும் சிம்முக்கு. அதை மட்டும் உங்கள் பெக்கேஜில் பார்த்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு சிம்மோடு யாவாரம் பண்ணும் ஒவ்வொருவரும் தெரியாமலே ஓடர்களை இழக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மூன்றாவது வழியைத்தான் கடைக்கு நான் தேர்ந்தேன்: பிஸியாக இருந்தால் இன்னொருவருக்குத் திருப்பிவிடுவது. **67* போட்டு, கடையில் நிற்கும் தம்பியின் இலக்கத்தைத் தட்டி # வைத்தேன். இங்கே ஒரு சின்ன நுட்பம் இருக்கிறது, இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தேன். கோல் வெயிட்டிங்கை அணைத்துவிட்டால், நான் பேசும்போது வரும் எல்லா அழைப்பும் என்னைத் தொந்தரவு செய்யாமல் நேரே தம்பிக்குப் போகும். கோல் வெயிட்டிங்கை இயங்க விட்டால், அழைப்பு முதலில் என் திரைக்கு வரும்; நான் சிவப்புப் பொத்தானைத் தட்டினால் வலையமைப்பு அதை 'பிஸி' என்று எடுத்துக்கொண்டு தம்பிக்கு அனுப்பும். ஆக, சிவப்புப் பொத்தான் வெட்டும் பொத்தான் இல்லை, கைமாற்றும் பொத்தான். யார் என்று பார்த்து, நான் எடுப்பதா தம்பி எடுப்பதா என்று அந்த நொடியில் முடிவு செய்கிறேன். ஹட்டன்காரருக்கும் 'பிஸி' கேட்பதில்லை, யாரோ ஒருவர் 'வணக்கம் ஐயா' என்று எடுக்கிறார்.

இதற்கு மறுபக்கத்தில் எடுக்க ஓர் ஆள் வேண்டும். தனியாகக் கடை நடத்துபவருக்கு இது உதவாது. திருப்பிவிடும் காசும் நம் கணக்கில்தான். வீட்டு ஆட்களின் அழைப்பும் தம்பிக்குப் போய்விடும். என் அக்கா ஒரு நாள் குடும்ப விடயம் ஒன்றை அவனிடம் சொல்லத் தொடங்கிவிட்டார். வீட்டுக்கு ஒரு சிம், கடைக்கு ஒரு சிம் என்று பிரித்து, கடைச் சிம்மில் மட்டும் இதைப் போட்டபிறகு அந்தத் தொல்லை தீர்ந்தது.

திருப்பிவிடும் குறிகளைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்ல வேண்டும். தெரியாதவர் யாராவது எடுத்து, 'பரிசு விழுந்திருக்கிறது', 'உங்கள் பார்சல் நிற்கிறது' என்று சொல்லி, **21* என்று தொடங்கும் ஏதாவது இலக்கத்தைத் தட்டச் சொன்னால் தட்டாதீர்கள். அது உங்களுக்கு வரும் எல்லா அழைப்பையும் அவருக்குத் திருப்பும் குறி. வங்கி அழைத்துச் சொல்லும் இரகசிய இலக்கமும் அவர் காதுக்கே போகும். ஏற்கெனவே யாராவது செய்துவிட்டார்களோ என்று சந்தேகம் இருந்தால் *#21# தட்டிப் பாருங்கள். எல்லாத் திருப்பல்களையும் ஒரேயடியாக நீக்க ##002#. அதன்பிறகு உங்களுக்கு வேண்டியதை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

வட்ஸ்அப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு கதைக்க, பத்துப் பேர் சேர்ந்து கதைக்க அதைவிட நல்லது இல்லை. கடை அழைப்பை அதில் எடுத்தால், நடுவில் சாதாரண அழைப்பு வந்து மோதும்போது குழப்பம்தான் வருகிறது. இயந்திரத்தோடு பேசுவதற்கு, நாம் அன்றாடம் ஆளோடு ஆள் கதைக்கும் வட்ஸ்அப் அழைப்பில் இலக்கம் தட்டும் பலகையே இல்லை.

இனி இயந்திரத்துக்கு எடுக்கும் அழைப்பு. இதற்கு ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: எடுக்கும் முன் #43#, முடிந்தபின் *43#. இடையில் யாரும் தட்ட மாட்டார்கள். வருபவர் தம்பிக்குப் போய்விடுவார். சனல் பண்ணும் நேரம், வங்கியில் அட்டையை நிறுத்தச் சொல்லும் நேரம் என்று எதுவானாலும் இதுதான். ஆம்புலன்ஸுக்கு 1990ஐ அழைத்தால் அங்கே ஆளோடுதான் கதைக்கிறோம், ஆனாலும் அது முடியும் வரை வேறு எந்த அழைப்பையும் தொட வேண்டாம்; பேசி முடித்த பிறகும் வேறு அழைப்பு எடுக்காமல் லைனை விட்டுவையுங்கள், வழி கேட்டுத் திருப்பி எடுப்பார்கள்.

இலக்கங்களைத் தட்டுவதிலும் மூன்று விதம் இருக்கிறது. குரலைக் கேட்டு ஒவ்வொன்றாகக் கையால் தட்டுவது ஒன்று. முதல் தடவை எடுக்கும் இடத்துக்கு அதுதான் சரி. அடிக்கடி எடுக்கும் இடமென்றால், போனில் இலக்கத்தைச் சேமிக்கும்போதே பின்னால் ஒரு காற்புள்ளியும் அதன்பின் 2உம் போட்டு வைக்கலாம். காற்புள்ளி என்றால் போன் இரண்டு விநாடி பொறுத்து அடுத்த இலக்கத்தை அனுப்பும். நாலு விநாடி வேண்டுமென்றால் இரண்டு காற்புள்ளி. ஐபோனில் நட்சத்திரத்தை அழுத்திப் பிடித்தால் காற்புள்ளி வரும். ஆண்ட்ரொயிடில் இலக்கத்தைத் தட்டியபின் மூன்று புள்ளி மெனுவுக்குள் இருக்கும். பழைய பட்டன் போன்களில் நட்சத்திரத்தைத் திரும்பத் திரும்பத் தட்டினால், காற்புள்ளிக்குப் பதில் p என்று வரும். மூன்றாவது விதம் அரைப்புள்ளி. அங்கே போன் தானாக அனுப்பாது. திரையில் 'அனுப்பவா' என்று கேட்டு, நீங்கள் சரி என்றதும்தான் அனுப்பும். ஐபோனில் ஹாஷை அழுத்திப் பிடித்தால் இது வரும்.

காற்புள்ளி வேகமானது, ஆனால் கண் இல்லாதது. பதிவுக் குரலில் புத்தாண்டு வாழ்த்து ஒன்றைப் புதிதாகச் சேர்த்தாலே உங்கள் கணக்குப் பிழைத்து, 2 போய்ச் சேரும்போது இயந்திரம் கேட்கத் தயாராக இருக்காது. மொழித் தெரிவு அழைத்தவுடனே வருவதால் அதற்குக் காற்புள்ளி போதும். அதற்கு அப்பால் உள்ளவற்றுக்கு அரைப்புள்ளியைத்தான் நான் நம்புகிறேன். அம்மாவின் ஆஸ்பத்திரி இலக்கத்தை இப்படிச் சேமித்திருக்கிறேன்: இலக்கம், இரண்டு காற்புள்ளி, 2, ஓர் அரைப்புள்ளி, 1, இன்னோர் அரைப்புள்ளி, பதிவு இலக்கம், ஹாஷ். குரலைக் கேட்டுக்கொண்டே இரண்டு தடவை 'சரி' தட்டினால் போதும். காலி வீதியில் பஸ் இரைச்சலுக்குள் நின்று ஒன்பது இலக்கத்தைத் தேடித் தேடித் தட்ட வேண்டியதில்லை.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தை மட்டும் இப்படிச் சேமிக்க வேண்டாம். போன் கைமாறினால் அது எழுத்திலேயே இருக்கும். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு தட்டவும் வேண்டாம், ஒவ்வொரு பட்டனின் சத்தமும் வேறு என்பதால் பதிவு செய்தவரால் அதைத் திரும்ப இலக்கமாக்க முடியும். யாரையாவது சேர்த்துப் பேசிக்கொண்டிருக்கும் லைனில் தட்டுவதும் அதே ஆபத்துத்தான்.

ஆக, தனியாக யாவாரம் செய்பவருக்கு ஒரு சிம்மும் கோல் வெயிட்டிங்கும் போதும். இரண்டு சிம்தான் வேண்டுமென்றால் **62* போடாமல் வைத்திருக்காதீர்கள். பக்கத்தில் நம்பிக்கையான ஓர் ஆள் இருந்தால் **67*ஐயும் சிவப்புப் பொத்தானையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தீபாவளி, ஒரு தைப்பொங்கல் பருவத்தை அப்படித்தான் கடந்தோம்.

அம்மாவின் போனுக்கு மட்டும் வேறு மாதிரிச் செய்தேன். அவருடையது சின்னப் பட்டன் போன். பேசும்போது 'டிக் டிக்' கேட்டால் பயந்து எல்லாவற்றையும் வெட்டிவிடுவார். அதனால் கோல் வெயிட்டிங்கை நிரந்தரமாக அணைத்து, பிஸி என்றால் என் வீட்டுச் சிம்முக்கு வரும்படி போட்டிருக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்கு அவர் பக்கத்து வீட்டு அக்காவோடு போனில் கதைத்துக்கொண்டிருக்கும்போது என் போன் ஒலித்தால், அது அநேகமாக யாழ்ப்பாணத்தில் இருந்து பெரியம்மா. 'கொம்மா யாரோடையோ கதைக்கிறா போல' என்றுதான் தொடங்குவார்.